மறுமொழி: ‘ஸ்வெல்’, ‘ஸ்வெல் சர்ஜ்’ – தமிழில் எப்படி வழங்கலாம்?

அன்புள்ள குழுவினர்க்கு வணக்கம்.

கோடைக்காலக் கடல்நிலை அறிக்கைகளில் வரும் ‘ஸ்வெல்’ (தொலைவுப் புயல் எழுப்பிக் கரை வரை வரும் அலை), ‘ஸ்வெல் சர்ஜ்’ (அதனால் கரையில் நேரும் நீரேற்றம்) ஆகிய இரண்டுக்கும் ‘கடல் சீற்றம்’ என்ற ஒரே தொடர் போதும் என்று ஐயா முந்தைய மடலில் எழுதியிருந்தார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சீற்றம் என்றால் காற்றும் மழையும் கூடிய கொந்தளிப்பைத்தான் எவரும் நினைப்பார்கள்; குமரிக் கடற்கரையில் ஏப்ரல், மே மாதங்களில் நேர்வதோ அதற்கு நேர்மாறானது. வானம் தெளிந்திருக்கும், மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று இன்னும் எழுந்திராது, அன்றைய வானிலை அறிக்கையும் மழைக்கு வாய்ப்பில்லை என்றே சொல்லும். அப்படிப்பட்ட நாளில்தான் நீரோடி, தூத்தூர், குளச்சல் பக்கங்களில் கடல் திடீரெனக் கரையேறி வீட்டு முற்றம் வரை வந்துவிடுகிறது.

இதன் பிறப்பிடம் நம் வானத்தில் இல்லை. இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில், தென் அட்சரேகை 40 பாகைக்கும் அப்பால் சுழலும் புயல்கள் பல்வேறு அலைவு நேரங்களை (ஓர் அலைமுகடு கடந்தபின் அடுத்தது வர ஆகும் நேரம்) கொண்ட அலைகளை ஒருசேர எழுப்புகின்றன. ஆழ்கடலில் அலையின் ஆற்றல் பரவும் வேகம் அதன் அலைவு நேரத்தைப் பொறுத்தது: 10 வினாடி அலையின் ஆற்றல் மணிக்கு ஏறத்தாழ 28 கிலோமீட்டர் செல்லும்போது, 18 வினாடி அலையினுடையது 50 கிலோமீட்டர் செல்லும். ஆகவே வழியிலேயே அலைகள் தரம் பிரிந்து, நெடிய அலைவு நேரம் உடையவை முந்திக்கொண்டு, ஆற்றலைப் பெரிதும் இழக்காமல், நான்கைந்து நாள்களில் குமரிக் கரையை அடைகின்றன. குமரிமுனைக்குத் தெற்கே அண்டார்க்டிகா வரை குறுக்கே பெரிய நிலப்பரப்பு எதுவும் இல்லை என்பதால் தடுப்பாரும் இல்லை. நடுக்கடலில் இவற்றின் உயரம் சிறிது. அலைநீளமோ 18 வினாடி அலைக்கு 500 மீட்டர் அளவில் இருக்கும். எனவே வள்ளத்தில் இருப்பவருக்கு அது காலடியில் கடந்து போவதே தெரியாமல் போகலாம். ஆழம் குறையக் குறைய வேகம் தளர்ந்து உயரம் கூடுகிறது. தொடர்ந்து உடையும் அலைகள் நீரைக் கரையோரம் தள்ளித் தேக்குகின்றன. ஓதம் (கடல்மட்டத்தின் அன்றாட ஏற்ற இறக்கம்) ஏறும் வேளையும் சேர்ந்துகொண்டால் ஊருக்குள் நீர் புகுகிறது.

ஆக, இங்கே பெயரிட வேண்டியவை இரண்டு. தொலைவிலிருந்து வரும் அலை ஒன்று. அதனால் கரையில் நேரும் நீரேற்றம் மற்றொன்று.

இரண்டாவதற்குப் புதுச்சொல் தேட வேண்டிய தேவையே இல்லை என்பது என் கருத்து. ‘கள்ளக்கடல்’ என்ற மீனவர் சொல்லை 2012இல் யுனெஸ்கோ அறிவியல் வழக்காக ஏற்றது. ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்னும் இந்தியத் தேசியக் கடல் தகவல் சேவை மையத்தின் எச்சரிக்கைகளிலும் அச்சொல்லே வருகிறது. அது மலையாளம் என்று ஓர் அன்பர் ஒதுக்கியது வியப்பளித்தது. கள்ளச்சாவியும் கள்ளத்தோணியும் எம்மொழியாம்? சொல்லாமல் வரும் கடல் என்ற பொருள் நமக்கு உரை இல்லாமலே விளங்கும். இப்போது முன்கூட்டியே கணிக்க முடிவதால் ‘கள்ள’ என்பது பொருந்தாது என்ற தடையும் வலுவற்றது. கணிப்பவர் அறிந்தாலும் கரையில் நிற்பவர் கண்ணுக்கு அதற்கான அறிகுறி எதுவும் தெரிவதில்லை. 2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐவர் அலையில் சிக்கி இறந்தபோது, இக்கரைக்குக் கள்ளக்கடல் எச்சரிக்கை நடப்பில் இருந்தது. வெளியூரிலிருந்து கடல் பார்க்க வருபவருக்கு அச்சொல் எதை உணர்த்தும் என்பதுதான் நாம் கவலைப்பட வேண்டிய இடம். சொல்லை மாற்றுவதைவிட, அதை அடுத்து ஒரு விளக்க வரியை எப்போதும் சேர்த்து எழுதுவதே அதற்கு வழி.

முதலாவதுதான் கடினம். ‘பேரலை’ என்றால் 2004க்குப் பிறகு எல்லோருக்கும் ஆழிப்பேரலையே நினைவுக்கு வரும். ‘நெட்டலை’ எனக்கும் பிடித்திருந்தது. ஆனால் பள்ளி இயற்பியல் நூல்கள் அச்சொல்லைக் குறுக்கலைக்கு இணையாக, ஒலியலை போன்றவற்றுக்கு முன்பே வழங்கிவிட்டன. ‘வீங்கலை’ ஆங்கிலத்தின் நிழல். ‘தொலைவலை’ என்று ஒருவர் முன்மொழிந்தார். பொருள் சரி, ஆனால் மீனவர் படிக்கும் அறிக்கையில் அதைத் தொலை வலை என்று பிரித்தால் ஏதோ மீன்பிடி வலையாகிவிடும். ஆகவே ‘தொலையலை’ என்று முன்மொழிகிறேன். தொலை, அலை இரண்டும் யகர உடம்படுமெய் பெற்றுச் சேர்வது இலக்கணத்துக்கும் ஒக்கும். உள்ளூர்க் காற்று எழுப்பும் அலையை அதற்கு இணையாக ‘அண்மையலை’ எனலாம். ‘காற்றலை’ வானொலிக்குப் போய்விட்டது.

அறிக்கையில் இப்படி வரும்: “வானம் தெளிவாக இருக்கும், காற்று மிதமாக வீசும். எனினும் தெற்கிலிருந்து 18 வினாடி அலைவு நேரமுள்ள தொலையலைகள் வருவதால் நாளை இரவு வரை கள்ளக்கடலுக்கு வாய்ப்புண்டு. வள்ளங்களைப் பாதுகாப்பான இடத்துக்கு மாற்றவும்; எவரும் அலையோரம் இறங்க வேண்டாம்.”

தூத்தூர், முட்டம், மணக்குடிப் பக்கத்து உறுப்பினர்கள், கரைமோதும் முன் நடுக்கடலிலேயே இவ்வலையைக் குறிக்கும் சொல் ஏதேனும் தங்கள் ஊரில் வழங்குகிறதா என்று மூத்த கடலோடிகளிடம் கேட்டு எழுதுங்கள். அப்படி ஒன்று கிடைத்தால் தொலையலையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.