மாமியார், இரண்டு பிள்ளைகள், ஒரு வாடகைக் கார்: க்ரூகருக்கு நாமே ஓட்டிக்கொண்டு போகலாமா?

கராமாவாசி கேட்டது:

வணக்கம். துபாயில் இருக்கிறோம். வரும் ஆகஸ்ட் விடுமுறைக்கு ஊருக்குப் போகாமல் தென்னாப்பிரிக்கா போவது என்று வீட்டில் முடிவாகிவிட்டது. நான், மனைவி, ஒன்பது வயதுப் பையன், நாலு வயதுப் பெண், கூட என் மாமியார். அவருக்கு 66 வயது, முழங்கால் வலி உண்டு, சுத்த சைவம்.

முதலில் டூர் கம்பெனிகளில் விலை கேட்டேன். ஐந்து பேருக்கு அவர்கள் சொன்ன தொகைக்கு ஊர்ப்பக்கம் ஒரு மனைக்கு முன்பணம் கொடுத்துவிடலாம். அதுவும் சின்னப் பெண்ணைத் திறந்த ஜீப்பில் ஏற்ற முடியாது என்று இரண்டு இடத்தில் கையை விரித்துவிட்டார்கள். அப்புறம்தான் க்ரூகர் தேசியப் பூங்காவுக்குள் வாடகைக் காரை நாமே ஓட்டிக்கொண்டு போகலாம், உள்ளேயே அறை எடுத்துத் தங்கலாம் என்று தெரிந்தது.

கேட்க நிறைய இருக்கிறது. சாதாரண கார் போதுமா, பெரிய நாலு சக்கர வண்டியே வேண்டுமா? பன்னிரண்டு வருடமாக வலப்பக்கம் ஓட்டிப் பழகியவன் நான், அங்கே இடப்பக்கம். மலேரியா மாத்திரை எல்லோரும் போடவேண்டுமா? சைவத்துக்கு என்ன வழி? யானை எதிரே வந்து நின்றால்?

“சிங்கத்துக்கு நடுவுல, மாப்பிள்ளை ஓட்டுற கார்லயா?” என்று அத்தை கேட்டார். அதிலிருந்து எனக்கும் உள்ளூர உதறல்தான்.

இலைப்பூச்சி எழுதியது:

பிரிட்டோரியாவிலிருந்து எழுதுகிறேன். மலேரியாவுக்கு மட்டும் பதில் சொல்கிறேன்; மற்றதைச் சொல்ல இங்கே ஆள் இருக்கிறது.

க்ரூகர் மலேரியாப் பகுதி. கோடைமழைக் காலத்தில்தான் ஆபத்து அதிகம். ஆகஸ்டில் குளிர்காலம், மழை கிடையாது, கொசு ரொம்பக் குறைவு. ஆனால் குறைவு என்றால் இல்லை என்று அர்த்தமில்லை. குழந்தைக்கு எடையைப் பார்த்துத்தான் மாத்திரை அளவு, அதனால் கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே மருத்துவரைப் பாருங்கள். பொழுது சாய்ந்ததும் முழுக்கை, முழுக்கால், காலுறை. திரும்பி வந்த சில வாரங்களில் யாருக்காவது காய்ச்சல் வந்தால், “ஆப்பிரிக்காவில் மலேரியா இருக்கும் இடத்துக்குப் போய்வந்தோம்” என்பதை முதல் வாக்கியமாகவே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். துபாயில் நீங்களாகச் சொல்லாவிட்டால் யாருக்கும் அது தோன்றாது.

மாத்திரையே வேண்டாம் என்றால் பிலானஸ்பர்க் இருக்கிறது. ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து இரண்டரை மணி நேரம், மலேரியா கிடையாது. எப்போதோ அணைந்துபோன எரிமலையின் வட்டத்துக்குள் இருக்கும் பூங்கா. சிங்கம், யானை, காண்டாமிருகம் எல்லாம் உண்டு. என் மகளுக்கு மூன்று வயதாக இருந்தபோது நாங்கள் அங்கேதான் போனோம். க்ரூகரின் பரப்பு இதில் வராதுதான். நாலு வயதுக்குப் பரப்பு எதற்கு?

மிட்ராண்ட் மாமா எழுதியது:

கராமாவாசி சார், ஒன்பது வருடமாக ஜோகன்னஸ்பர்க் பக்கம் மிட்ராண்டில் இருக்கிறேன். க்ரூகருக்குப் பதினொரு தடவை போயாகிவிட்டது, அதில் ஆறு தடவை அம்மாவோடு. உங்கள் அத்தை கேட்டதையே என் அம்மா முதல் தடவை பூங்காவின் மலலேன் வாசலில், சீட்டு வாங்க நிற்கும்போது கேட்டாள். இப்போது ஊரிலிருந்து வந்து இறங்கியதும் “எப்போடா போறோம்” என்கிறாள்.

முதலில் கார். பூங்காவின் முக்கியச் சாலைகள் எல்லாம் தார். மண் சாலைகளும் ஆகஸ்டில் காய்ந்து இறுகிக் கிடக்கும். சாதாரண செடானே ஓடும். ஆனாலும் கொஞ்சம் உயரமான வண்டியாகப் பாருங்கள். சேற்றில் மாட்டுவோம் என்பதற்காக அல்ல, கண் புல்லுக்கு மேலே போகவேண்டும் என்பதற்காக. செடானின் பின் சீட்டில் உட்கார்ந்த நாலு வயதுப் பிள்ளைக்குப் புல்லின் இடுப்புதான் தெரியும். அப்புறம் நாள் முழுக்க “சிங்கம் எங்கேப்பா” என்று ஒரே ராகம். கியர் ஆட்டோமேட்டிக்காக இருக்கட்டும். இடக்கையால் கியர் மாற்றப் பழகும் இடம் இதுவல்ல. முதல் நாள் ஒவ்வொரு திருப்பத்திலும் “இடது, இடது” என்று சொல்லும் வேலையைப் பையனுக்குக் கொடுத்துவிடுங்கள். இரவு விமானத்தில் வந்து இறங்கி அப்படியே கிளம்பாதீர்கள். ஜோகன்னஸ்பர்க்கில் ஒரு இரவு தூங்கிவிட்டு விடியலில் எடுத்தால் என்4 நெடுஞ்சாலையில் ஐந்து மணி நேரம், மத்தியானத்துக்குள் வாசல். இருட்டியபின் இந்த ஊர் நெடுஞ்சாலைகளில் ஓட்டவேண்டாம். மாடு நிற்கும், பள்ளம் தெரியாது.

அடுத்தது தூரம். எல்லோரும் இடறும் இடம் இதுதான். பூங்கா வடக்கு தெற்காக ஏறக்குறைய 360 கி.மீ., பரப்பு 19,000 சதுர கி.மீ.க்கு மேல். ஸ்குகுசா என்ற தங்கும் முகாமிலிருந்து சதாரா முகாமுக்கு 93 கி.மீ. துபாய்க் கணக்கில் முக்கால் மணி நேரம், இங்கே அரை நாள். தார்ச் சாலையில் 50, மண் சாலையில் 40தான் வேக வரம்பு, கேமரா வைத்துப் பிடிக்கிறார்கள். அந்த வேகத்தில் போனாலும் ஒன்றும் கண்ணில் படாது, 20-25தான் சரி. நாலு முகாம், நாலு ராத்திரி என்று நானும் முதல் தடவை திட்டம் போட்டேன். பார்த்ததெல்லாம் சாலைதான்.

உங்களுக்கு இரண்டு முகாம் போதும். லோயர் சபியில் மூன்று இரவு, சதாராவில் இரண்டு. க்ரொக்கடைல் பிரிட்ஜ் வாசல் வழியாக நுழைந்தால் லோயர் சபி பக்கம். அந்த முகாம் வாசலுக்கு வெளியே ஒரு கூப்பிடு தூரத்தில் சன்செட் டாம் என்று ஒரு குளம் இருக்கிறது. காரைக் கரையோரம் நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டு, ஒரு மணி நேரம் சும்மா உட்காருங்கள். நீர்யானை கொட்டாவி விடும், முதலை வெயில் காயும், கொக்கு நீர்யானை முதுகில் ஏறி நின்று மீன் பார்க்கும். என் பெண் முதல் தடவை அங்கேதான் அழுகையை நிறுத்தினாள். ஸ்குகுசா பக்கம் லேக் பேனிக் என்று மறைவுக்குடில் ஒன்று உண்டு. காரை விட்டு இறங்கி உள்ளே பெஞ்சில் உட்கார்ந்து பறவை பார்க்கலாம். அத்தையின் முழங்காலுக்கு அது நல்ல ஓய்வு.

இந்த இறங்கும் விஷயம்தான் உங்களுக்கு உண்மையான சவால். குறிப்பிட்ட இடங்களைத் தவிர வேறெங்கும் காரை விட்டு இறங்கக்கூடாது. கதவைத் திறக்கவும் கூடாது, ஜன்னலில் ஏறி உட்காரவும் கூடாது. பதினொரு பயணத்தில் சிங்கத்தால் எங்களுக்கு ஒரு தொந்தரவும் வந்ததில்லை. மூத்திரத்தால் வந்திருக்கிறது. ஸ்குகுசா–லோயர் சபி சாலையில் நடுவே நுகூலு, சதாரா போகும் வழியில் ஷோக்வானே, இரண்டிலும் கழிப்பறை உண்டு. எங்கே நிற்கப் போகிறோம் என்று காலையிலேயே வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். சின்னவளுக்கு ஒரு சிறிய பாட்டியும் காரில் இருக்கட்டும். (குழந்தை உட்காருகிற பாட்டி. அத்தையைச் சொல்லவில்லை.)

யானைக்கு வருகிறேன். நாலு வருடம் முன்பு, லோயர் சபிக்குத் தெற்கே எஸ்28 மண் சாலை, சாயங்காலம் நாலரை மணி. வளைவு திரும்பினால் தனி ஆண் யானை ஒன்று சாலை நடுவே எங்களைப் பார்த்து நடந்து வருகிறது. அறுபது எழுபது மீட்டர் இருக்கும். நான் என்ன செய்தேன்? போனை எடுத்துப் படம் பிடிக்க ஆரம்பித்தேன். பின் சீட்டிலிருந்து அம்மா சொன்னாள்: “டேய், கன்னத்துல ஒழுகுது பாரு. மதம்டா. வண்டிய பின்னாடி எடு.”

அம்மா வால்பாறை எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவள். யானைக்காக ஸ்கூல் போகாமல் வீட்டில் இருந்த நாட்களை இன்றும் கணக்கு சொல்வாள். நான் கண்ணாடி வழியாகக் கூர்ந்து பார்த்தேன். கண்ணுக்கும் காதுக்கும் நடுவில் கறுப்பாக ஒரு கோடு தாடை வரைக்கும் இறங்கியிருந்தது. பின்னங்கால்களின் உள்பக்கம் நனைந்து கறுத்திருந்தது. ஆப்பிரிக்க யானையில் பெண்ணுக்கும் மிரட்சியில் கன்னம் ஒழுகும் என்று பிறகு ஒரு வனக்காவலர் சொன்னார். சிறுநீர் சொட்டிக்கொண்டே கால் நனைந்திருப்பதுதான் மதத்துக்கு நிச்சயமான அடையாளமாம். ஹாரன் அடிக்கவில்லை. விளக்கைப் போட்டு மிரட்டவில்லை. மெதுவாகப் பின்னால் எடுத்தேன், அதுவும் அதே வேகத்தில் வந்தது. நானூறு மீட்டர் கழுத்தைத் திருப்பியபடியே ஓட்டியிருப்பேன். அப்புறம் அதற்கே சலித்துவிட்டது போல, ஓரமாக ஒரு மரத்தை முறிக்கப் போய்விட்டது. எங்களுக்குப் பின்னால் அன்று வேறு கார் ஒட்டி நிற்கவில்லை. நின்றிருந்தால் கதையே வேறு. அதனால் யானை தெரிகிற இடத்தில் வரிசைக்கு நடுவில் மாட்டாதீர்கள், இன்ஜினை அணைக்காதீர்கள், தாய்க்கும் குட்டிக்கும் நடுவே காரை விடாதீர்கள். கூட்டமாக நிம்மதியாக மேய்ந்துகொண்டிருந்தால் தூரத்தில் நின்று ஆசை தீரப் பாருங்கள், பயமே வேண்டாம்.

ஆகஸ்ட் பற்றி ஒரு வார்த்தை. நல்ல மாதம். இலை உதிர்ந்து காடு வெளிச்சமாக இருக்கும், தண்ணீர் சில இடங்களில்தான் மிஞ்சும், மிருகமெல்லாம் அங்கே கூடும். ஜூலை மூன்றாம் வாரம்வரை உள்ளூர்ப் பள்ளி விடுமுறைக் கூட்டம் இருக்கலாம். ஆகஸ்ட் 9 பெண்கள் தினம், அரசு விடுமுறை, அதை ஒட்டிய சனி ஞாயிறைத் தவிருங்கள். வாசல் காலை 6 மணிக்குத் திறந்து மாலை 6 மணிக்கு மூடும். தாமதமானால் அபராதம். விடியலில் நல்ல குளிர், அத்தைக்கு ஸ்வெட்டரும் காதுக்கு மப்ளரும் கட்டாயம். அறைகளை இப்போதே பதிவு செய்யுங்கள். லோயர் சபி சீக்கிரம் நிரம்பிவிடும்.

செம்மண்சாலை எழுதியது:

மாமா சொன்னதற்கு மேல் க்ரூகர் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் அடுத்த தடவைக்கு நமீபியாவை மனதில் வையுங்கள். அங்கே எட்டோஷா தேசியப் பூங்காவில் ஒக்காகுவேயோ முகாமுக்குள்ளேயே ஒரு நீர்நிலை, இரவெல்லாம் விளக்கு எரியும். குட்டைச் சுவருக்கு இந்தப் பக்கம் பெஞ்சு. ராத்திரி பத்து மணிக்குப் பிள்ளைகள் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்க, கறுப்புக் காண்டாமிருகம் ஒன்று வந்து தண்ணீர் குடித்தது. ஓட்டவே வேண்டாம், அதுவே வரும்.

ஆனால் அந்த நாட்டின் ஜல்லிச் சாலைகளில் ஜாக்கிரதை. டயர் காற்றைக் கொஞ்சம் குறைக்கவேண்டும், 80க்கு மேல் போகவே கூடாது. திருப்பத்தில் பிரேக் போட்டால் வண்டி உருண்டுவிடும். செஸ்ரியம் போகும் வழியில் ஒரே நாளில் எங்களுக்கு இரண்டு டயர் கிழிந்தது, வண்டியில் இருந்ததோ ஒரே ஒரு மாற்று டயர். காப்பீட்டில் டயரும் கண்ணாடியும் சேராது என்பது பில் வந்த பிறகுதான் தெரிந்தது. கையெழுத்துப் போடும் முன் அந்த வரியைத் தேடிப் படியுங்கள்.

இன்னொன்று, அசைவக்காரர்களுக்கு. நமீபியாவின் வடக்கே ருண்டுவில் ஆட்டுக்கறி வாங்கி வைத்துக்கொண்டு தெற்கே வந்தோம். முருராணி சோதனைச் சாவடியில் குளிர்பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். கோமாரி நோய் தெற்கே பரவாமல் இருக்க, வடக்கிலிருந்து பச்சை மாமிசம் அங்கே போட்டிருக்கும் கால்நடைத் தடுப்பு வேலியைத் தாண்டக்கூடாது. இரண்டு கிலோ போயிற்று.

கராமாவாசி எழுதியது:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. மருத்துவரிடம் நேரம் வாங்கிவிட்டேன். மாமாவின் யானைக் கதையை அத்தைக்குப் படித்துக் காட்டினேன், “அந்தம்மா கூட வருவாங்களா?” என்கிறார். சாப்பாடு மட்டும் பாக்கி. அங்கே சமைக்க வசதி உண்டா?

மிட்ராண்ட் மாமா எழுதியது:

உண்டு. வட்டக் குடிசை மாதிரி அறைகள், திண்ணையில் அடுப்பும் குளிர்பெட்டியும் இருக்கும். ஆனால் சில அறைகளில் பாத்திரம் கிடையாது, சிலவற்றில் அடுப்பே கிடையாது. பதிவு செய்யும்போது சமையல் வசதி என்று போட்டிருக்கிறதா பாருங்கள். முகாம் கடையில் ரொட்டி, பால், முட்டை, டின் பீன்ஸ் கிடைக்கும், காய்கறியை நம்பமுடியாது. ஜோகன்னஸ்பர்க்கில் ஒரு இரவு தங்குகிறீர்கள் அல்லவா, ஃபோர்ட்ஸ்பர்க்கில் நம் சாமான் எல்லாம் இருக்கிறது. அரிசி, பருப்பு, ஊறுகாய் அங்கே வாங்கிக்கொள்ளுங்கள். குட்டி ரைஸ் குக்கர் ஒன்றைப் பெட்டியில் போட்டுவிடுங்கள், இந்த ஊர் பிளக் வேறு, அதற்கு அடாப்டரும்.

குளிர்பெட்டியைப் பூட்டுங்கள் என்று எழுதி வைத்திருப்பார்கள். நான் ஒரு தடவை பூட்டவில்லை. குளித்துவிட்டு வந்து பார்த்தால், ஒரு குரங்கு தோசைமாவு டப்பாவைத் திறந்து முழங்கைவரை விட்டு நக்கிக்கொண்டிருந்தது. மற்றது இரண்டும் கூரைமேல் தக்காளியோடு.

அம்மா அக்டோபரில்தான் வருகிறாள், அதனால் உங்களோடு வரமுடியாது. ஒன்று கேட்கச் சொன்னாள்: அத்தையை முன் சீட்டில் உட்கார வைப்பீர்களா, பின்னாலா? முன்னால் வையுங்கள். காலை நீட்டிக்கொள்ளலாம். எங்கள் வீட்டில் என் மனைவி அதற்காக முதல் நாள் முகம் தூக்கினாள். இரண்டாம் நாள் பின் சீட்டு ஜன்னலில் மரத்து மேல் சிறுத்தையை அவள்தான் முதலில் பார்த்தாள். இப்போது அந்த இடத்தை யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.