சாப்பாட்டு அறைச் சுவர்: வால்பேப்பரா, பெயிண்டா? இரண்டு வாரமாக வீட்டில் பஞ்சாயத்து

மரநாற்காலி:
எங்கள் சாப்பாட்டு அறை பழைய பாணி. கருத்துப்போன பெரிய மரமேசை, உயர்ந்த முதுகு வைத்த எட்டு நாற்காலிகள், கண்ணாடிக் கதவு போட்ட பாத்திர அலமாரி, நடுவில் தொங்குவிளக்கு. தரையிலிருந்து 85 செ.மீ. உயரத்தில் நான்கு சுவரிலும் ஒரு மரச்சட்டம் ஓடுகிறது. அறை 4 மீட்டருக்கு 3.5 மீட்டர், கூரை உயரம் 2.4 மீட்டர். சுவரின் நிறம் ஒரு காலத்தில் வெள்ளை.

மனைவிக்குப் பூவும் கொடியுமாக வால்பேப்பர் வேண்டும். எனக்கு அடர்பச்சைப் பெயிண்ட். யாராவது எனக்கு ஆதரவாக எழுதினால் அதை மட்டும் பிரிண்ட் எடுத்து மேசையில் வைப்பதாக உத்தேசம்.

தூரிகை:
எடுத்துக்கொள்ளுங்கள் பிரிண்ட். பெயிண்ட்தான்.

வால்பேப்பரை மாதிரிப் புத்தகத்தில் உள்ளங்கை அளவுக்குப் பார்த்து மயங்கி வாங்குகிறோம். நான்கு சுவரிலும் ஏறி நின்ற பிறகுதான் அது எவ்வளவு வாயாடி என்று தெரிகிறது. பெயிண்ட் சலித்தால் ஒரு சனி, ஞாயிறு போதும், ஆளே மாறிவிடும். என் வீட்டில் முன்பு இருந்தவர்கள் சாப்பாட்டு அறையில் ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று அடுக்கு ஒட்டியிருந்தார்கள். ஸ்டீமர் வைத்து ஊறவைத்துச் சுரண்டியதில் ஒன்பது நாள் போயிற்று. மேலே சாம்பல் கோடு, நடுவில் ஏதோ பாய்மரக் கப்பல், கடைசியில் மஞ்சள் ரோஜா. ரோஜாவை உரித்தபோது பூச்சும் தாளோடு பாளம் பாளமாகக் கையில் வந்தது. அதற்கும் அடியில், ஒட்ட வந்தவர் பென்சிலில் போட்ட பெருக்கல் கணக்கு. விடை தப்பு.

பூக்கொடி:
தூரிகை, அது வால்பேப்பரின் குற்றமில்லை, ஒட்டியவரின் குற்றம். வெறும் பூச்சின்மேல் முதலில் பிரைமரோ நீர்த்த பசையோ ஒரு கை அடித்துக் காயவிடாமல் ஒட்டினால் சுவர் பசையைக் குடித்துவிடும், தாளை விடாது. இப்போது நான்-ஓவன் (நெய்யாத இழைத்தாள்) ரகம் வந்துவிட்டது. பசையைச் சுவரில் தடவுகிறோம், தாளில் இல்லை. நனைந்து நீள்வது, காய்ந்து சுருங்குவது எல்லாம் அதில் கிடையாது. கழற்றும்போது மூலையைப் பிடித்து இழுத்தால் பெரும்பாலும் முழு நீளத்துக்குக் காய்ந்தபடியே வந்துவிடும்.

சரி, சண்டைக்கு வருகிறேன். ஒரு வீட்டில் மனிதர்கள் ஒரு மணி நேரம் எதிர்ச்சுவரைப் பார்த்தபடி உட்காருகிற அறை எது? கூடத்தில் டிவி இருக்கிறது. படுக்கையறையில் கண் மூடியிருக்கிறது. சாப்பாட்டு அறையில்தான் எதிரே இருப்பவரின் தலைக்குப் பின்னால் சுவர் முழு நேரமும் தெரிகிறது. அங்கே வெறும் பச்சை என்றால், பேச்சு நின்றதும் கண்ணுக்குப் போக்கிடம் இல்லை. மரநாற்காலி சொல்லும் சாமான்கள் எல்லாம் கனத்தவை, நேர்க்கோட்டுக்காரர்கள். பின்னால் ஒரு கொடி வளைந்து ஓடினால் அந்தக் கனம் இளகும். வெள்ளை மாளிகையின் இரண்டாம் மாடிச் சாப்பாட்டு அறைக்கே, கென்னடி குடும்பம் வந்தபோது பிரான்சின் சூபர் நிறுவனம் அச்சிட்ட பழைய வால்பேப்பர்தான் ஏறியது. 1797இல் தொடங்கிய நிறுவனம். அங்கே பெயிண்ட் டப்பாவுக்குப் பஞ்சமா?

நிலைப்படி:
கதையைப் பாதியில் நிறுத்தாதீர்கள். அந்தத் தாளில் இருந்தது அமெரிக்க விடுதலைப் போர்க் காட்சிகள். அதிபர் ஃபோர்டின் மனைவி பெட்டி ஃபோர்டு வந்தார், சாப்பிடும் இடத்தில் யுத்தம் எதற்கு என்று தாளைக் கழற்றச் சொல்லி மஞ்சள் பெயிண்ட் அடித்தார். அடுத்து அதிபர் கார்ட்டரின் மனைவி ரோசலின் வந்தார், தாள் திரும்ப ஏறியது. கிளின்டன் காலத்தில் அதை மறைத்து வெளிர்பச்சைப் பட்டு.

தூரிகை:
ஆகா. பெட்டி ஃபோர்டு என் கட்சி.

பூக்கொடி:
கழற்றிய தாள் பத்திரமாக இருந்து மறுபடி சுவரேறியிருக்கிறது. உங்கள் மஞ்சள் இப்போது எங்கே என்று விசாரித்துச் சொல்லுங்கள்.

தூரிகை:
சரித்திரம் என்றால் நானும் வருகிறேன். 1876, லண்டன். கப்பல் முதலாளி ஃபிரெடரிக் லேலண்டின் சாப்பாட்டு அறை. சுவர் முழுக்கப் பூவேலை செய்த பழைய தோல், அந்தக் காலத்து வால்பேப்பருக்குப் பெரியண்ணன். நிறத்தைக் கொஞ்சம் சரிசெய்ய வந்த ஓவியர் விஸ்லர், முதலாளி ஊரில் இல்லாத நேரம் பார்த்து, அந்தத் தோலின் மேலேயே நீலப்பச்சையும் பொன்னிறமுமாகத் தீட்டித் தள்ளிவிட்டார். ‘மயில் அறை’ என்று இன்று வாஷிங்டனில் அருங்காட்சியகத்துக்குள் இருக்கிறது. வெறும் தோலாகவே இருந்திருந்தால் யாருக்கு ஞாபகம் இருந்திருக்கும்?

நிலைப்படி:
இதையும் பாதியில் விடுகிறீர்களே. முதலாளி திரும்பி வந்து பார்த்துக் கொதித்துப்போனார். கேட்ட தொகையில் ஏறக்குறைய பாதிதான் கொடுத்தார், நட்பும் முறிந்தது. கோபத்தில் விஸ்லர் அதே அறையில் இரண்டு மயில்கள் சண்டையிடுவதுபோல் தீட்டி, ஒரு மயிலின் காலடியில் காசைச் சிதறவிட்டார். மனைவி ஊருக்குப் போயிருக்கும்போது அடித்துவிடலாம் என்று யாராவது மரநாற்காலிக்கு யோசனை சொல்வதற்கு முன் இது தெரிந்திருக்கட்டும்.

மரநாற்காலி:
அவர் என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துக்கொண்டிருக்கிறார்.

சுவர்க்கோழி:
இருபது வருஷமாகச் சுவர்தான் என் பிழைப்பு. பெயிண்டும் அடிப்பேன், தாளும் ஒட்டுவேன். மயிலும் கென்னடியும் ஒரு பக்கம் இருக்கட்டும், சுவர் எப்படி இருக்கிறது என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.

இன்று ராத்திரி தொங்குவிளக்கை அணைத்துவிட்டு, ஒரு டார்ச்சைச் சுவரோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். பட்டி பார்த்த தடம், பழைய ஆணி ஓட்டை, மேடு பள்ளம் எல்லாம் நிழலாக எழுந்து நிற்கும். அடர்நிறமும் மினுக்கமும் சேர்ந்தால் இவை அத்தனையும் தினமும் தெரியும். மினுக்கமில்லாத ‘மேட்’ பெயிண்ட் அடித்தால் ஓரளவு மறையும், ஆனால் அடர்நிற மேட் பெயிண்டில் தோள் உரசிய இடம் நாளடைவில் பளபளவென்று தனியாகத் தெரியும். ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தாலும் அதே கதிதான். சாப்பாட்டு அறை, எண்ணெய்க் கை படாமல் இருக்காது.

அடுத்து வெளிச்சுவர். அதன் உட்பக்கத்தில் ஒரு முழம் பாலித்தீனை நான்கு ஓரமும் டேப் போட்டு ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். சுவர்ப்பக்கம் முத்துமுத்தாக வேர்த்தால் உள்ளே ஓதம் இருக்கிறது. அதன்மேல் வைனில் (பிளாஸ்டிக் பூச்சுள்ள) தாள் ஒட்டினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் பின்னால் பூஞ்சை பிடிக்கும். பெயிண்டும் கொப்பளிக்கத்தான் செய்யும். ஆனால் கொப்புளம் கண்ணில் படும், பூஞ்சை படாது.

இனி கணக்கு. வழக்கமான ரோல் 53 செ.மீ. அகலம், 10.05 மீட்டர் நீளம். உங்கள் அறையின் சுற்றளவு 15 மீட்டர். கதவு, ஜன்னலைக் கழிக்காமல் 29 பட்டை. கூரையிலிருந்து தரை வரை, வெட்டுக்கு 10 செ.மீ. சேர்த்துப் பட்டைக்கு 2.5 மீட்டர். டிசைன் சேர வேண்டாத தாள் என்றால் ரோலுக்கு நான்கு பட்டை, மொத்தம் எட்டு ரோல். கொடி 64 செ.மீ.க்கு ஒருமுறை திரும்பி வருகிற டிசைன் என்றால், பக்கத்துப் பட்டையோடு சேர ஒவ்வொரு பட்டையிலும் டிசைன் முழுதாக நான்கு முறை வர வேண்டும், அதற்கு 2.56 மீட்டர் கேட்கும். நான்குக்கு 10.24. வெறும் 19 செ.மீ. குறைவதால் ரோலுக்கு மூன்றுதான் தேறும், பத்து ரோல் ஆகிவிடும். மிச்சமெல்லாம் துண்டு. ஆனால் மரச்சட்டத்துக்கு மேலே மட்டும் ஒட்டினால் மூன்று முறை வந்தால் போதும், பட்டைக்கு 1.92 மீட்டர். ரோலுக்கு ஐந்து, மொத்தம் ஆறு ரோல். கீழே பெயிண்ட். நாற்காலி இடிக்கிற பாகம் பெயிண்டில் இருப்பதுதான் நல்லது, சின்னக் கீறலைத் தொட்டுச் சரிசெய்துகொள்ளலாம்.

எல்லா ரோலிலும் தொகுதி எண் ஒன்றுதானா என்று வாங்கும்போதே பாருங்கள். அச்சு மாறினால் நிறம் ஒரு இழை மாறும், ஒட்டி முடித்த பிறகுதான் கண்ணில் குத்தும்.

நிலைப்படி:
சுவர் இருந்தால்தான் சித்திரம் என்று எவராவது வந்து சொல்வார் என்று எதிர்பார்த்தேன். தசமப் புள்ளியோடு வரும் என்று எதிர்பார்க்கவில்லை.

தூரிகை:
மேலே தாள், கீழே பெயிண்ட் என்பது பஞ்சாயத்துத் தீர்ப்பு மாதிரி இருக்கிறது. நான் ஏற்கவில்லை. 2.4 மீட்டர் கூரை ஒன்றும் உயரமில்லை. அதைக் குறுக்கே வெட்டி இரண்டு உடுப்பு போட்டால் அறை இன்னும் குட்டையாகத் தெரியும். சட்டத்தையும் சேர்த்து ஒரே பச்சையில் முக்குங்கள், கண் தடுக்காமல் மேலே போகும்.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். பகலில் பார்த்துப் பச்சையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அந்த அறையின் வேலை நேரம் ராத்திரி. தொங்குவிளக்கில் 2700 கெல்வின் பல்பு இருந்தால், நீலம் கலந்த பச்சை அந்த மஞ்சள் வெளிச்சத்தில் சாம்பலாகிச் செத்துவிடும். மஞ்சள் கலந்த பச்சைதான் நிற்கும். பெரிய அட்டையில் இரண்டு கோட் அடித்து, ஒரு ராத்திரி அலமாரிக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்துப் பாருங்கள்.

பூக்கொடி:
அதே அட்டைக்குப் பக்கத்தில் என் தாளில் ஒரு முழு டிசைன் நீளத்தையும் ஒட்டுங்கள். உள்ளங்கைத் துண்டு வேண்டாம். அதில் நான் தூரிகை கட்சி.

குட்டைக் கூரை விஷயத்தில் மட்டும் எதிர்க்கட்சி. செங்குத்தாக ஏறுகிற கொடியாகப் பார்த்து எடுத்தால் கூரை தானாக எழும்பும்.

நிலைப்படி:
பச்சை, பச்சை என்கிறீர்கள். 1775இல் ஷீலே என்ற வேதியியலர் உண்டாக்கிய பச்சையில் ஆர்சனிக் என்ற நஞ்சு இருந்தது. அடுத்த நூற்றாண்டில் அது பெயிண்டிலும் போயிற்று, வால்பேப்பரிலும் போயிற்று. இந்த ஒரு விஷயத்தில் இரண்டு கட்சியும் சமம்.

மரநாற்காலி:
மூன்று நாள் கழித்து வருகிறேன். பாலித்தீன் வேர்க்கவில்லை. அதுவரை நல்ல செய்தி.

நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிப் பார்த்தோம். முதுகு சாய்வாக இருப்பதால் அதன் உச்சிதான் முதலில் இடிக்கிறது. உச்சி நிற்பது 1.04 மீட்டரில், சட்டத்துக்கு ஒரு சாண் மேலே. ஆக, நாற்காலியிடமிருந்து சட்டம் இதுவரை எதையும் காப்பாற்றவில்லை. மேலே தாள் ஒட்டினால் முதல் அடி தாளுக்குத்தான்.

டார்ச்சும் அடித்தோம். மேடு பள்ளம் அதிகமில்லை. ஆனால் நான்கு சுவரிலும் தலைமயிர் அளவுக்கு மெல்லிய கோடுகள், கூரையிலிருந்து தரை வரை நேராக. மனைவி டேப் எடுத்து அளந்தார். எல்லாம் 53 செ.மீ. இடைவெளி. நாற்காலி இடித்து இடித்து வெள்ளை உதிர்ந்த இடம் ஒன்று அலமாரிக்குப் பக்கத்தில் இருக்கிறது. நகத்தால் லேசாக நெம்பினேன். தாள்! ஒரு தபால்தலை அளவுக்கு வந்தது, நீல நிறத்தில் பாதி இலை.

“இந்தச் சுவர் ஏற்கெனவே என் கட்சி” என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

பூக்கொடி:
அவருக்கு என் வணக்கம்.

தூரிகை:
தாளுக்குமேல் பெயிண்ட் இத்தனை வருஷம் நின்றிருக்கிறதே. அதன்மேலேயே இன்னும் இரண்டு கோட் அடித்தால் என்ன?

சுவர்க்கோழி:
அடிக்கலாம், பச்சையில் அந்தக் கோடுகள் பகலிலேயே தெரியும். அடர்நிறம் எதையும் மன்னிக்காது. அதோடு, நீர்சார்ந்த பெயிண்டின் ஈரம் உள்ளே போனால் பழைய பசை ஊறி, ஓரங்கள் வாய் பிளக்கும். புதுத் தாளும் இதன்மேல் வேண்டாம். புதுப்பசை காயும்போது இழுக்கிற இழுப்பில் பழையதையும் சேர்த்துக் கழற்றிக்கொண்டு வரும்.

எந்தக் கட்சி ஜெயித்தாலும் முதலில் உரிக்க வேண்டும். மேலே பெயிண்ட் இருப்பதால் தண்ணீர் நேராக இறங்காது. முள்சக்கரம் ஓட்டிப் பெயிண்டில் துளை போட்டுவிட்டு அப்புறம் ஸ்டீமர் பிடியுங்கள். ஒரு எச்சரிக்கை, பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். முதலில் சோதித்துவிடுங்கள். உலர்ந்தபடி உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள்.

உரித்தபின் சுவரை நன்றாகக் கழுவிப் பசையைப் போக்கி, பிரைமர் ஒரு கோட். அந்த பிரைமரின்மேல் பெயிண்டும் நிற்கும், தாளும் நிற்கும். முடிவை அதுவரை தள்ளிப்போடலாம். நாற்காலிக்கு என் யோசனை, சட்டத்தை 1.10க்கு ஏற்றுங்கள். அப்போதும் ஆறு ரோல்தான், கணக்கு மாறாது.

மரநாற்காலி:
ஆக, எனக்கும் ஒன்பது நாளா?

தூரிகை:
உங்களுக்கு ஒரு அடுக்குதானே தெரிகிறது, ஐந்து நாளில் முடியலாம். கீழே இறங்கியபின் சுவரில் பென்சில் கணக்கு ஏதாவது இருந்தால் படம் எடுத்துப் போடுங்கள். விடையைச் சரிபார்க்க வேண்டும்.