காலர் போன் கூடிய பிறகும் சைக்கிளில் ஏறினால் இடது தோள் வலி: எதைப் பார்ப்பது?

மஞ்சக்குப்பம்_41:
வணக்கம். பத்து வாரத்துக்கு முன், மழை விட்ட ஒரு காலையில் புதுச்சேரி போய்விட்டுத் திரும்பும்போது, ரெட்டிச்சாவடி தாண்டி ஒரு திருப்பத்தில் ஓரமாக ஒதுங்கிக் கிடந்த மணல் முன்சக்கரத்தை வாரிவிட்டது. இடது தோள் தரையில் அடித்து காலர் போன் முறிவு. ஆபரேஷன் இல்லை, ஆறு வாரம் கையைத் தொங்கலில் போட்டிருந்தேன். போன வாரம் எக்ஸ்ரே பார்த்த டாக்டர், எலும்பு கூடிவிட்டது, மெதுவாக ஓட்டலாம் என்றார்.

ஞாயிறன்று தேவனாம்பட்டினம் பீச் வரை போனேன். 15 நிமிடத்தில் தோளிலிருந்து கழுத்து வரை இழுக்கிறது. சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகின்றன. இறங்கி அரைமணியில் சரியாகிவிடுகிறது. தண்ணீர்க்குடம் தூக்கினால்கூட இந்த வலி இல்லை. அப்புறம், பின்னால் பஸ் சத்தம் கேட்டாலே இரண்டு கையும் ஹேண்டில்பாரை இறுக்கிக்கொள்கின்றன. பொறுத்துக்கொண்டு ஓட்டினால் பழகுமா, இன்னும் ஓய்வு வேண்டுமா?

திருப்பாப்புலியூர்_ரைடர்:
முதலில் ஹெல்மெட்டை மாற்றுங்கள். உள்ளே இருக்கும் தெர்மாகோல் மாதிரியான நுரை ஒருமுறை நசுங்கினால் திரும்ப எழாது. வெளியே கீறல் மட்டும்தான் தெரியும்.

அரியாங்குப்பம்_அண்ணன்:
தம்பி, எனக்கும் இதே எலும்புதான் உடைந்தது. வேறு எந்த வேலையிலும் வலி இல்லை, சைக்கிளில் மட்டும் என்றால் நான் சைக்கிளைத்தான் சந்தேகப்படுவேன். விழுந்த பிறகு அதை யாராவது பார்த்தார்களா?

முன்சக்கரத்தை முழங்கால்களுக்கு நடுவில் பிடித்துக்கொண்டு, ஹேண்டில்பார் டயருக்குக் குறுக்கே நேராக இருக்கிறதா பாருங்கள். ஸ்டெம் (ஹேண்டில்பாரைச் சைக்கிளோடு பிடித்திருக்கும் துண்டு) நடுவிலிருந்து இரண்டு பிரேக் லீவர் முனைக்கும் ஒரு நூலை வைத்து அளந்து பாருங்கள். சக்கரத்தைத் தூக்கிச் சுற்றினால் கோட்டம் இருந்தால் தெரிந்துவிடும். முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவையை, அதாவது ஃபோர்க்கை, ஈரத்துணியால் துடைத்து, நல்ல வெளிச்சத்தில் விரலால் தடவிப் பாருங்கள். கார்பன் ஃபோர்க்கில் மயிரிழை விரிசல் இருந்தாலும் அதில் ஏறவே ஏறாதீர்கள்.

மஞ்சக்குப்பம்_41:
அண்ணா, அளந்தேன். இடது லீவர் உள்பக்கமாகத் திரும்பி, வலதைவிட ஒரு செ.மீ.க்கு மேல் இறங்கியிருக்கிறது. ஸ்டெம்மும் லேசாகத் திரும்பியிருக்கிறது. ஃபோர்க் அலுமினியம், விரிசல் இல்லை. பத்து வாரமாக மாடிப்படிக்கு அடியிலேயே நின்றது, எனக்குத் தோன்றவே இல்லை.

பிசியோ_புதுச்சேரி:
லீவரைச் சரிசெய்யுங்கள், ஆனால் அது மட்டும் காரணமாக இருக்காது. ஆறு வாரம் தொங்கலில் இருந்த கைக்குத் தோள்பட்டைத் தசை மெலிந்திருக்கும். எலும்பு கூடிய வேகத்தில் தசை தேறாது. சுவரில் கையூன்றித் தள்ளும் பயிற்சியை தினமும் 10, 10 ஆக மூன்று முறை செய்யுங்கள், வலித்தால் நிறுத்திவிடுங்கள்.

உள்ளங்கையின் அடியில், சுண்டுவிரல் பக்கம் ஒரு நரம்பு போகிறது. அங்கே எடை விழுந்தால் நீங்கள் சொன்ன அந்த இரண்டு விரலும்தான் மரக்கும். பயத்தில் இறுக்கிப் பிடிப்பது அதை இன்னும் கூட்டும். முழங்கையை லேசாக மடக்கியே ஓட்டுங்கள். இறங்கிய பிறகும் மரத்துப்போனது போகவில்லை, பிடி தளர்கிறது, எலும்பு கூடிய இடத்தில் தொட்டாலே வலிக்கிறது, இதில் எது இருந்தாலும் ஓட்டாமல் டாக்டரைப் பாருங்கள். யார் சொன்னாலும் அந்த இடத்தில் எண்ணெய் போட்டு அழுத்தி உருவ விடாதீர்கள்.

அரியாங்குப்பம்_அண்ணன்:
டயரில் எவ்வளவு காற்று?

மஞ்சக்குப்பம்_41:
28 மி.மீ. டயர், 100 psi அடிப்பேன்.

அரியாங்குப்பம்_அண்ணன்:
ரொம்ப அதிகம். 80க்கு இறக்குங்கள், குலுக்கல் தோளுக்கு ஏறாது.

மஞ்சக்குப்பம்_41 (இரண்டு வாரம் கழித்து):
லீவர், ஸ்டெம் இரண்டையும் கடையில் நேராக்கினேன். முன்சக்கரத்தில் இருந்த கோட்டத்தையும் எடுத்துவிட்டார்கள். புது ஹெல்மெட் வாங்கிவிட்டேன். நேற்று 30 நிமிடம் ஓட்டினேன், விரல் மரக்கவில்லை. தோளில் கடைசி ஐந்து நிமிடம் மட்டும் ஒரு கனம். பிசியோ மேடம், சுவர்ப் பயிற்சியை விடாமல் செய்கிறேன், மிக்க நன்றி. பஸ் பயம் மட்டும் அப்படியே இருக்கிறது. மெயின் ரோட்டில் ஏறவே மனம் வரவில்லை.

அரியாங்குப்பம்_அண்ணன்:
மெயின் ரோடு இப்போதைக்கு வேண்டாம். பாகூர் பக்கம் வயல் நடுவே போகும் சாலைகளில் காலை ஆறு மணிக்கு டிராக்டரைத் தவிர ஒன்றும் வராது. ஞாயிறன்று நான் வருகிறேன். உங்கள் பின்னாலேயே ஓட்டுகிறேன், வண்டி வந்தால் குரல் கொடுக்கிறேன். நீங்கள் முன்னால் மட்டும் பார்த்துக்கொண்டு போங்கள்.

மஞ்சக்குப்பம்_41:
வருகிறேன் அண்ணா. பாகூர் வரை சைக்கிளை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிடுகிறேன்.