புதுப்பிப்பு: டாக்பேக் தமிழ்க் குறிப்புகளைத் தப்பாக வாசித்த சிக்கல் தீர்ந்தது

இணையவழி அறிவியல் வகுப்புக்கு நான் அனுப்பும் குறிப்புகளை, பார்வையற்ற மாணவி ஒருத்தியின் போனில் டாக்பேக் (ஆண்ட்ராய்டு போனில் திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் செயலி) ஏன் ஆங்கில எழுத்துகளாக வாசிக்கிறது என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

"பாமினி எழுத்துருவா என்று பாருங்கள்" என்றவர் சொன்னதுதான் சரி. பாமினி, ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் வடிவம் போட்டுக் காட்டும் பழைய எழுத்துரு. அதில் 'அம்மா' என்று தெரிவது உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச். கண்ணால் படிப்பவர்களுக்கு வித்தியாசமே தெரியாது. பேச்சுக் குரலை மாற்றும் யோசனையால் பலன் இல்லை. வேர்டு மூலக் கோப்புகளை, தமிழ் எழுத்துகளுக்கென்றே தனிக் குறியீடு உள்ள யூனிகோடுக்கு மாற்றி அனுப்பினேன். அன்றைக்கே அந்த மாணவி குறிப்புகளைத் தமிழில் கேட்டுப் படித்தாள்.

எதிர்பாராதது ஒன்று. பாலூட்டிகள் பாடத்தில் 'வௌவால்' என்பது 'வெளவால்' ஆகிவிட்டது. பாமினியில் ஔகாரத்தின் பின்பாதியும் ளகரமும் ஒரே விசை. யூனிகோடுக்கு மாற்றும் மென்பொருளுக்குப் பிரித்தறியத் தெரியவில்லை. மொத்தமாகத் திருத்தப் போனால் 'வெள்ளை'யும் கெட்டுவிடும். ஒவ்வொன்றாகப் பார்த்தே திருத்தினேன்.

அப்புறம் இதயம் பற்றிய என் பாடக் காணொளி. "இதோ இங்கே பாருங்கள்" என்பதை விட்டுவிட்டு, "இடது கீழறையிலிருந்து பெருந்தமனி கிளம்புகிறது" என்று சொல்லச் சொன்னீர்கள். அப்படியே மறுபதிவு செய்தேன். பார்வையுள்ள பிள்ளைகளும் இதுதான் தெளிவாக இருக்கிறது என்கிறார்கள்.

ஒரு குறிப்பு: ஸ்கேன் செய்த பக்கங்களுக்கு இந்த வழி உதவாது. அவை வெறும் படங்கள். முதலில் எழுத்துணரி (படத்திலுள்ள எழுத்தை அடையாளம் காணும் மென்பொருள்) மூலம் எழுத்தாக்கி, பிழை பார்க்க வேண்டும்.