புதுப்பிப்பு: பிபிஓ கிறிஸ்டல் செட்டப்ல கோயின்சிடென்ஸ் வந்துடுச்சு

போன தடவ பதில் போட்ட எல்லாருக்கும் தேங்க்ஸ். கேள்வி ஞாபகம் இல்லாதவங்களுக்கு: பிடெக் லேப்ல 405 நானோமீட்டர் லேசர் (இதான் பம்ப்), அதோட ஒரு ஃபோட்டான 810 நானோமீட்டர் ஃபோட்டான் ஜோடியா பிரிக்கிற டைப்-1 பிபிஓ கிறிஸ்டல், ரெண்டு டிடெக்டர்லயும் சிங்கிள்ஸ் (ஒவ்வொண்ணும் தனியா எண்றது) செகண்டுக்கு சுமார் 20,000 வருது, ஆனா கோயின்சிடென்ஸ் (ரெண்டும் ஒரே நேரத்துல எண்றது) செகண்டுக்கு நாலுதான், ஏன்னு கேட்டிருந்தேன். ஒரே நேரம்னு எடுத்துக்கற நம்ம விண்டோ 10 நானோசெகண்ட், ரெண்டு ரேட்டையும் அதோட பெருக்கினா அதே நாலு, அதாவது வந்தது எல்லாமே தற்செயல்தான்.

வேலை செஞ்சது ஃபைபர திருப்பி விடுற ஐடியா. டிடெக்டர்ல இருந்து ஃபைபர கழட்டி, அந்த முனைல 810 அலைன்மெண்ட் லேசர விட்டா கலெக்ஷன் லென்ஸ் வழியா வெளிய வருது, ஐஆர் கார்டுல (கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளிய காட்டுற அட்டை) பாத்துக்கிட்டே பம்ப் கிறிஸ்டல்ல படுற அதே புள்ளில விழ வெச்சோம், அப்புறம் திரும்ப மாட்டினதும் கவுண்ட் கிடுகிடுன்னு ஏறிடுச்சு. பிபிஓ டில்ட்ட அதுக்கப்புறம் தொட்டா போதும், முன்னாடியே திருகிட்டு இருந்தா ஒண்ணும் தெரியாது.

எதிர்பாக்காதது ஒண்ணு: பம்ப அடைச்சாலும் சிங்கிள்ஸ் பாதிக்கு மேல அப்படியே நின்னுச்சு. ஃபைபரோட மஞ்சள் உறை வழியாவே கவுண்டர் எல்இடி வெளிச்சம் உள்ள போகுது, அது ஃபில்டருக்கு அப்புறம் நுழையறதால ஃபில்டரால ஒரு பிரயோஜனமும் இல்ல. கருப்புத் துணி சுத்தினதும் அடங்கிடுச்சு. அடுத்து பசங்க 1986ல ஃபிரெஞ்சு இயற்பியலாளர் அலன் ஆஸ்பே குழு பண்ண ஒத்தை ஃபோட்டான் பீம் ஸ்ப்ளிட்டர் சோதனைக்குப் போறாங்க.