புதுப்பிப்பு: வெறும் வயிற்றுச் சர்க்கரை 98, ஆனால் இடுப்பு மட்டும் ஏறுகிறது

மாதவிடாய் நின்று இரண்டு வருடம், எடை அவ்வளவாகக் கூடவில்லை, சுடிதார் நாடா மட்டும் கட்ட முடியவில்லை, ரத்தத்தில் வேறு என்ன பார்க்கலாம் என்று போன மாதம் கேட்டிருந்தேன். ரிப்போர்ட் வந்துவிட்டது.

சர்க்கரை அதே 98தான். ஆனால் வெறும் வயிற்று இன்சுலின் 18! 98ஐ 18ஆல் பெருக்கி 405ஆல் வகுத்தால் 4.4 வருகிறது. இன்சுலினுக்கு உடல் சரியாக மசியவில்லை என்பதற்கான கணக்கு இது. அதாவது 98ஐ 98ஆக வைத்திருக்கவே கணையம் மூச்சிரைக்க ஓடிக்கொண்டிருக்கிறது. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 5.9, 5.7இலிருந்து 6.4 வரை நீரிழிவின் வாசற்படி. ரத்தத்தில் ஓடும் கொழுப்பான டிரைகிளிசரைடு 190, நல்ல கொழுப்பு 41.

இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் அந்தச் சராசரி கொஞ்சம் கூடுதலாகக் காட்டலாம் என்று ஒருவர் எழுதியிருந்தீர்கள், நன்றி. உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பார்த்தேன், சரியாகவே இருக்கிறது. சாக்கு போச்சு.

ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் தொடையில் சேர்ந்த கொழுப்பு வயிற்றுக்குள், உறுப்புகளைச் சுற்றிச் சேர ஆரம்பிக்கிறது என்றார் மருத்துவர். கொழுப்புச் செல்கள் சுரக்கும் ஹார்மோன்களான லெப்டின், அடிப்போனெக்டின் பற்றியும் கேட்டேன். வயிற்றுக் கொழுப்பு கூடினால் முதலாவது ஏறும், இரண்டாவது இறங்கும். ஆனால் அதெல்லாம் ஆராய்ச்சிக்குத்தான், "இஞ்ச் டேப் போதும்மா" என்று சிரித்தார்.

மாத்திரை இப்போதைக்கு இல்லை. நடை, கூடவே எடை தூக்கும் பயிற்சி. மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தம் கொடுக்கணும்.