மறுமொழி: ஜீப்பின் பக்கவாட்டு இரும்புக்கு ஒரு சொல்

எல்லோருக்கும் வணக்கம். ஆங்கிலத்தில் ராக் ஸ்லைடர் (rock slider) எனப்படும் ஜீப்பின் பக்கவாட்டு இரும்புக்கு நம் வாகனச் சொற்பட்டியலில் என்ன பெயர் வைப்பது என்ற கேள்விக்கு வந்த யோசனைகளுக்கு என் பதில் இது.

> "பக்கப் பாதுகாப்புத் தண்டவாளம் என்றே வைத்துவிடலாமே, பொருள் தெளிவாக இருக்கிறது."

எங்கே தெளிவு? தண்டவாளம் என்றதும் காங்கேசன்துறைக்குப் போகிற புகையிரதம்தான் கண்ணில் தெரிகிறது. அதோடு மூன்று சொல் நீளத்தை எந்தக் கராஜிலும் ஒருவரும் வாய்விட்டுச் சொல்லப்போவதில்லை.

முதலில் பொருளைப் பார்ப்போம். முன்சில்லுக்கும் பின்சில்லுக்கும் நடுவே, கதவுகளுக்குக் கீழே ஓடும் தடித்த இரும்புக் குழாய் அது. வாகனம் ஒரு கட்டையிலோ வரம்பிலோ ஏறிச் சரிந்தால், அந்தப் பக்கத்துப் பாரம் குழாயில் இறங்கும். அதன்மேலேயே வழுக்கிக்கொண்டு வாகனம் கடந்து போகும். அதனால் ஹைலக்ஸ் போன்றவற்றில் அதை சேசிசில், அதாவது வாகனத்தின் உடலைத் தாங்கும் அடி இரும்புச் சட்டகத்தில், பூட்ட வேண்டும். கடையில் வாங்கும் அலுமினிய ஃபுட்போர்ட் பெரும்பாலும் மெல்லிய கால்களில் நிற்பது. ஆள் ஏற அது போதும். வாகனத்தின் பாரம் விழுந்தால் மடிந்து, கதவின் அடிவிளிம்பையும் சேர்த்து நசுக்கிவிடும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருப்பதுதான் வில்லங்கம். எனவே ஃபுட்போர்டுக்கு 'மிதிபடி' இருக்கட்டும். இதற்குத் தனிச்சொல் கட்டாயம் வேண்டும்.

> "பாறைச்சறுக்கி?"

ஆங்கிலத்தை அப்படியே கவிழ்த்து வைத்தது. ஜீப் ஏறி இறங்குமளவு பாறை யாழ்ப்பாணக் குடாநாட்டில் எங்கே இருக்கிறது? வன்னிக் காட்டுப் பாதைக்குள் இறங்கினாலும் அடியில் தட்டுவது மரக்கட்டையும் வேரும்தான்.

> "பக்கத்தாங்கி?"

இதில் எனக்கு ஆசை உண்டு. சுமைதாங்கிக் கல்லைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குச் சட்டென்று பிடிபடும். ஆனால் நாங்கள் தண்ணீர்த் தாங்கி, எரிபொருள் தாங்கி என்று எழுதுகிறவர்கள். பக்கத்தாங்கி என்றால் பக்கத்தில் ஒரு டீசல் தாங்கி பூட்டியிருக்கிறது என்றுதான் இங்கே நினைப்பார்கள். தொட்டி என்று சொல்லும் தமிழகத்து நண்பர்களுக்கு இந்தச் சிக்கல் புரியாமல் போகலாம்.

என் முன்மொழிவு: விலாச்சட்டம். சேசிசை அடிச்சட்டம் என்று எழுதலாம் என்றால், அதில் பூட்டுவது விலாச்சட்டம். எதோடு எது சேர வேண்டும் என்பது பெயரிலேயே வந்துவிடுகிறது. குழாயை அடிச்சட்டத்தோடு இணைப்பவை தாங்குகால்கள். அவற்றை நேரே அடிச்சட்டத்தில் வெல்டிங் செய்து ஒட்டக்கூடாது. இடையில் ஒரு தகடு வைத்தால்தான் பாரம் ஒரே புள்ளியில் இறங்காமல் பரவும். அது பரப்புத்தகடு. ஒட்டும்போது அடிச்சட்டத்துக்குக் குறுக்கே, மேலிருந்து கீழாக நேர்கோடு போட்டால் பிறகு அந்தக் கோட்டிலேயே வெடிப்பு விழலாம். வெல்டிங் தொடங்குமுன் பற்றறியைக் கழற்றி வைப்பதும் முக்கியம். குழாய்க்கு ஏறத்தாழ 44 மி.மீ. வெளிவிட்டமும் 3 மி.மீ. தடிப்பும் வழக்கமான அளவுகள். ஒட்டாமல் போல்ட் போட்டுப் பூட்டுவது என் விருப்பம், கழற்றிப் பார்க்கலாம். சில நூறு கிலோமீற்றர் ஓடியபின் போல்டுகளை மறுபடி இறுக்க வேண்டும்.

பட்டியலின் பராமரிப்புப் பகுதியில் 'துரு' என்று மட்டும் வந்திருக்கிறது. கூடவே 'கறள்' என்றும் போடுங்கள், இங்கே வாயில் வருவது அதுதான். உப்புக்காற்றுள்ள ஊரில் இந்த இரும்புக்கு அதைவிடப் பெரிய எதிரி இல்லை. பவுடர் பூச்சு அழகாக இருக்கும். கல் பட்டு ஒரு பொட்டுப் பெயர்ந்தால் கறள் உள்ளே பரவி, பூச்சு மேலே தோலாக நிற்கும். நாகமுலாம், அதாவது துத்தநாகப் பூச்சு, பூசுவது நல்லது. சாதாரணப் பெயின்ற் என்றால் பெயர்ந்த இடத்தைச் சுரண்டி, நாகம் கலந்த அடிப்பூச்சு அடித்து மேலே பூச வேண்டும். குழாயின் தாழ்ந்த இடத்தில் நீர் வடிய ஒரு துளை வேண்டும், அதைச் சேறு அடைக்க விடக்கூடாது. இதற்கு 'வடிதுளை' போதும் என்று நினைக்கிறேன்.

இன்னும் ஒன்று மிச்சம். சில விலாச்சட்டங்களில் பின்சில்லுக்கு முன்னால் குழாய் வெளிப்பக்கம் வளைந்து நிற்கும். மரத்தோடு ஒட்டித் திரும்பும்போது அந்த வளைவு மரத்தில் பட்டு, வாகனத்தின் பின்பகுதியை ஒதுக்கிவிடும். 'ஒதுக்குவளைவு' என்று எழுதிப் பார்த்தேன். இதைவிடக் குட்டையான சொல் யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள்.